வினைமுதல் எங்கே?

ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளில் நெடுங்காலமாக நடந்துவரும் பயிற்சியொன்றுண்டு. செய்வினை வாக்கியங்கள் பத்து கொடுக்கப்படும். மாணவர் அவற்றைச் செயப்பாட்டுவினையாக மாற்றி எழுதவேண்டும். இராமன் இராவணனைக் கொன்றான் என்பது இராவணன் இராமனால் கொல்லப்பட்டான் என்றாகும். செயப்படுபொருளை முன்னே கொண்டுவா, துணைவினையைச் சேர், எழுவாயைப் 'பை' என்னும் முன்னிடைச்சொல்லின் பின்னே வை. இவ்வளவுதான் விதி. இதனோடு ஒட்டிய சிறு குறிப்பொன்றையும் இலக்கண நூல்கள் தருகின்றன. எழுவாய் 'யாரோ ஒருவர்' என்றோ 'அவர்கள்' என்றோ இருப்பின் அதனை விட்டுவிடலாம்; வாக்கியம் அதனாற் குறைவுபடாது.

இச்சிறு குறிப்பே எம்மைப் பல நாள் உறுத்தியிருக்கிறது. என் சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள் என்பதை என் சைக்கிள் திருடப்பட்டது என்று மாற்றும் மாணவன் எதனையும் இழப்பதில்லை. திருடன் இன்னானென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் சுட்டவர் எவரென்று எழுதுபவனுக்குத் தெரிந்திருக்கும்போதும் 'சுடப்பட்டனர்' என்று முற்றுப்புள்ளி வைப்பதற்கு இதே விதி இடங்கொடுக்கிறதே! இரு வாக்கியங்களும் பொருளால் ஒன்றே என்று கற்பித்துக்கொண்டிருக்கும் நாம், எழுத்துலகில் அவை ஒன்றாகவே வழங்குகின்றனவா என்பதை மாணவருக்குக் காட்டியதுண்டா? பயிற்சிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இவ்வாக்கிய அமைப்பு உண்மையான எழுத்திலே என்ன வேலை செய்கிறதென்பதைச் சற்று நோக்குவோம்.

இவ்விடயத்தைப் பேசுவோர் முதலிற் கையிலெடுப்பது ஜோர்ஜ் ஓர்வெல் 1946ஆம் ஆண்டில் எழுதிய, அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையையே. செய்வினையை வழங்கக்கூடிய இடத்திற் செயப்பாட்டுவினையை ஒருபோதும் வழங்காதே என்பது அதன் முடிவில் அவர் விதித்த விதிகளுள் ஒன்று. அக்கட்டுரை வெளிவந்த நாள்முதல் ஆங்கில ஆசிரியர்களுக்கு இது வேதவாக்காயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளிலே ஸ்ட்ரங்க் என்பவரின் கைநூலை ஈ. பி. வைற் திருத்தி 1959இல் வெளியிட்டபோது, அதுவும் இதே போதனையைப் பரப்பிற்று. அந்நூல் செயப்பாட்டுவினையைத் திருத்தும் முறைக்குக் காட்டும் நான்கு உதாரணங்களில் மூன்று செயப்பாட்டுவினைகளே அல்ல என்பதை மொழியியலாளர் ஜெப்ரி புல்லம் 2009இற் சுட்டிக்காட்டினார். எதைக் கண்டிக்கிறோமென்று தெரியாமலே கண்டிக்கும் பழக்கம் இலக்கண ஆசிரியரிடமும் உண்டென்பது எமக்கொன்றும் புதிய செய்தியன்று.

ஓர்வெலிடம் திரும்புவோம். அவர் விதியை அவரே காத்தாரா? கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே, மொழியின் சீர்கேட்டை எம்மால் மாற்றமுடியாதென்று பொதுவாகக் கருதப்படுகிறது என்று எழுதுகிறார். கருதுபவர் யார் என்ற வினாவுக்கு அங்கு விடையில்லை. இதைச் சொல்லி நகைப்பது எளிது; பலர் நகைத்துமிருக்கின்றனர். ஆயின் அதனைவிட ஆழமான செய்தி கட்டுரையின் நடுவே கிடக்கிறது. ஆட்சியாளர் பயங்கரச் செயல்களுக்கு மெல்லிய பெயர்களைச் சூட்டுவதை விளக்க வந்தவர், பாதுகாப்பற்ற கிராமங்கள் வானிலிருந்து தாக்கப்படுவதையும், மக்கள் விரட்டப்படுவதையும், கால்நடைகள் சுட்டுத்தள்ளப்படுவதையும், குடிசைகள் எரிக்கப்படுவதையும் அடுக்கிக் காட்டி, இத்தனைக்கும் 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் என முடிக்கிறார். அக்கட்டுரையின் ஆகச் சிறந்த இடம் இதுவே. அதிலே ஒரு செய்வினை தானும் இல்லை! எல்லாம் அவர் விலக்கச் சொன்ன செயப்பாட்டுவினைகள்.

இதை முரண்பாடென்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. எழுத்தாளரின் காது அவர் விதியைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. அந்த இடத்திலே கிராமமும் மனிதரும் மாடும் குடிசையும் கண்முன் நிற்கவேண்டும். குண்டு வீசியவனின் பெயரன்று அங்கு முக்கியம். செயப்பாட்டுவினை துன்பப்பட்டவர்களை வாக்கியத்தின் தலைவாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மறைக்கும் வேலையைச் செய்வது அதுவன்று. 'அமைதிப்படுத்தல்' என்னும் பெயர்ச்சொல்லே. கொல்லப்பட்டான் என்னும் வாக்கியத்தைக் கேட்டவன் 'எவனால்?' என்று உடனே கேட்கலாம். அவ்வினாவுக்குரிய இருக்கை வாக்கியத்திலே வெறுமையாகக் கிடக்கிறது. அமைதிப்படுத்தல் என்ற சொல்லிலோ இருக்கையே இல்லை.

ஓர்வெல் இடதுசாரிகளின் நடையையும் அக்கட்டுரையிற் சாடியிருக்கிறார். சீரழிந்த நடைக்கு அவர் காட்டிய ஐந்து மாதிரிகளிலொன்று கம்யூனிஸ்ட் துண்டுப்பிரசுரம். அதனால் அவரை எதிரி முகாமில் தள்ளிவிட்டு அமைதிகாண்போர் எம்மிடையே உளர். அப்பிரச்சினைக்குப் பின்னர் வருவோம்.

வினைமுதலை விட்டெழுதுவதால் மனித வாழ்வில் என்ன விளையும் என்பதற்கு, ஐக்கிய அமெரிக்க நாட்டின் இரு மூல ஆவணங்களை அருகருகே வைத்துப் படிப்பதைப்போன்ற பாடம் வேறில்லை. 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று செயப்பாட்டுவினையிலே கூறுகிறது. படைத்தவனையும் அடுத்த தொடரிலேயே குறிப்பிட்டுவிடுகிறது. பிரித்தானிய மன்னன்மீது குற்றஞ்சாட்டும் பகுதிக்கு வந்ததும் நடை மாறுகிறது. 'அவன் மறுத்தான்', 'அவன் தடுத்தான்', 'அவன் கலைத்தான்' என்ற வகையில் ஒரே எழுவாய் வாக்கியத்துக்கு வாக்கியம் சம்மட்டிபோல விழுகிறது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற விரும்பியவர்களுக்குச் செய்வினையின் வலிமை நன்றாகவே தெரிந்திருந்தது.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1787இல், பிலடெல்பியாவிற் கூடி அரசியலமைப்பை வரைந்தபோது அடிமைகளைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. அடிமை என்ற சொல்லை அவர்கள் அந்த ஆவணத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. மனிதரில் மனிதருக்குச் சொத்துரிமை உண்டென்னும் கருத்தை அரசியலமைப்பில் ஏற்றுக்கொள்வது தவறென்று மடிசன் அங்கே வாதித்ததாக அவருடைய குறிப்புகளே கூறுகின்றன. கருத்து நீங்கவில்லை, சொல் மட்டும் நீங்கிற்று. அடிமை என்பதற்குப் பதிலாக, சேவைக்கோ உழைப்புக்கோ பிடித்துவைக்கப்பட்டுள்ள ஆள் என்று எழுதினார்கள். பிடித்துவைத்திருப்பவன் எவன்? அவனுக்கு அந்த வாக்கியத்தில் எசமான் என்ற பெயரில்லை. உழைப்பைப் பெறும் உரிமையுள்ள தரப்பு என்ற பெயரே உண்டு. கடன்காரனைக் கடன்கொடுத்தவன் தேடிவருவதுபோல எவ்வளவு மரியாதையான காட்சி! இத்தனைக்கும் அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்களிற் பலர் அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள்.

அதே பிரிவின் முடிவிலே, ஓடிப்போன அத்தகைய ஆள், உரிமை கோரும் தரப்பிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும் என்றிருக்கிறது. ஒப்படைக்கவேண்டியவர் யார்? மாநில அரசா, மத்திய அரசா, ஊர் ஷெரிப்பா, வழியிற் கண்ட குடிமகனா? வாக்கியத்திற் பதிலில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வினா தீரவில்லை. பென்சில்வேனியாவில் வாழ்ந்த மார்கரெட் மோர்கன் என்ற பெண்ணை 1837இல் எட்வேட் பிறிக் என்பவன் பிள்ளைகளோடு பிடித்து மேரிலாந்துக்குக் கொண்டுசென்றதன் காரணமாக எழுந்த வழக்கு, 1842இல் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதியரசர் ஸ்ரோரி அந்த வெற்றிருக்கையில் மத்திய அரசை உட்காரவைத்தார். மாநில அதிகாரிகள் இவ்வேலையைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட முடியாதென்றார். வட மாநிலங்கள் சில, தம் அதிகாரிகளையும் சிறைகளையும் இப்பணிக்கு வழங்குவதைத் தடுத்துச் சட்டமியற்றின. தென்னாட்டு எசமானர்கள் கொதித்தெழுந்து 1850இற் புதிய சட்டத்தைப் பெற்றுக்கொண்டனர். இம்முறை எழுவாய் விடுபடவில்லை. ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். குடிமக்கள் யாவரும் துணைநிற்கவேண்டுமென்று கட்டளையிடப்பட்டது. பிடிபட்டவரை எசமானிடம் அனுப்பும் ஆணையாளருக்குக் கூலி 10 டொலர். விடுவிப்பவருக்கு 5 டொலர். அடிமைமுறை என்ற சொல் அரசியலமைப்புக்குள் முதன்முதலாக நுழைந்தது, அதனை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான்.

இந்த நீண்ட வரலாற்றை நாம் கூறியது செயப்பாட்டுவினையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கன்று. மறுபக்கத்தில் பிரெட்ரிக் டக்ளஸ் நிற்கிறார். அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, 1845இல் தன் வரலாற்றை எழுதியவர். அந்நூல் பெயர்களால் நிரம்பியது. சவுக்கெடுத்தவன் எவன், சுட்டவன் எவன், எந்தப் பண்ணையில், எவன் கண்காணத்தில் என்று யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வாறு பெயர் கூறியமையால் தாம் மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர்ந்து, அவர் அட்லாந்திக் கடந்து பிரித்தானியாவுக்குச் செல்லவேண்டியதாயிற்று. இத்தகைய எழுத்தாளர், கொவி என்னும் கொடியவனை எதிர்த்து நின்ற நிகழ்ச்சியைச் சொல்லப் புகும்போது, மனிதன் அடிமையாவதையும் அடிமை மனிதனாவதையும் ஒரே வாக்கியத்தில் இரு செயப்பாட்டுவினைகளாக வைக்கிறார். முதலாவதின் வினைமுதலை முன்வந்த பக்கங்களிற் பெயரோடு கண்டுவிட்டோம். இரண்டாவதன் வினைமுதல் அவரே என்பதை அடுத்த பக்கங்களிற் காண்கிறோம். இரண்டு வெற்றிருக்கைகளையும் வாசகன் தானே நிரப்புகிறான்.

இன்னும் ஒன்று. எல்லாப் பெயர்களையும் எழுதிய டக்ளஸ், தாம் தப்பிய வழியையும் தமக்கு உதவியோரையும் மட்டும் அந்நூலிற் சொல்லவேயில்லை. சொல்லமாட்டேனென்று வெளிப்படையாகவே அறிவித்தார். அடிமைமுறை ஒழிந்து பல ஆண்டுகள் சென்றபின், 1881இலேதான் அவ்விவரத்தை வெளியிட்டார். இங்கும் வினைமுதல் மறைக்கப்பட்டது. ஆனால் மறைக்கப்பட்டோர் அகப்பட்டால் அழிந்துபோகக்கூடியவர்கள். பிலடெல்பியாவில் மறைக்கப்பட்டவர்களோ மண்டபத்திலேயே அமர்ந்திருந்தவர்கள். இரண்டையும் ஒரே இலக்கணக் குற்றமென்று சிவப்பு மையாற் சுழித்துவிட ஓர் ஆசிரியனால் எப்படி முடியும்?

அண்மைக் காலத்துக்கு வந்தால், 'தவறுகள் இழைக்கப்பட்டன' என்னும் தொடர் அமெரிக்க அரசியலிற் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் அம்பலமானபின், 1987 ஜனவரியில் ஜனாதிபதி றேகன் நிகழ்த்திய உரை இதற்குப் பெயர்பெற்றது. நாம் அதில் வியக்கும் இடம் வேறு. துணிந்து காரியமொன்றில் இறங்கியது 'நான்' என்றும், முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்றும் முதலிற் கூறிய அதே வாய், சில வாக்கியங்கள் கழித்துத் தவறுகளைப் பற்றிச் சொல்லவந்ததும் எழுவாயைக் கைவிட்டுவிட்டது! பொறுப்பு என்ற கௌரவத்துக்கு ஆளிருந்தது, தவறுக்கு ஆளில்லை.

எனினும் இன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிப்பவருக்குச் செயப்பாட்டுவினைகூட நேர்மையான நண்பனாகத் தோன்றும். பொலிஸார் ஒருவரைச் சுட்டனர் என்ற செய்தி, பொலிஸாரால் ஒருவர் சுடப்பட்டார் என்றாவது வந்தால் நல்லதே. அமெரிக்கப் பொலிஸ் அறிக்கைகளிலோ 'உத்தியோகத்தர் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு' என்றொரு பெயர்த்தொடர் வழக்கிலிருக்கிறது. உத்தியோகத்தர் சுட்டாரா, அவர் சுடப்பட்டாரா, அருகில் நின்று வேடிக்கை பார்த்தாரா? சம்பந்தப்பட்டார், அவ்வளவே.

எமது பத்திரிகைத் தமிழும் இதிற் பின்தங்கியதன்று. 'துப்பாக்கிச்சூட்டுச் சம்பவத்தில் இருவர் பலி' என்ற தலைப்பை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! சம்பவம் என்பது தானாக நிகழ்வது, மழைபோல. பலி என்பதோ பழைய பொருளில் எவரோ ஒருவர் தெய்வமொன்றுக்குக் கொடுப்பது. கொடுத்தவனும் இல்லை, பெற்ற தெய்வமும் இல்லை, வினைமுற்றும் இல்லை. இந்தத் தலைப்பைச் செயப்பாட்டுவினை என்று திட்டுவது அதற்குச் செய்யும் உபசாரமாகும்.

தமிழுக்கு இவ்வமைப்பு ஆங்கிலத்திலிருந்து வந்த நோய் என்று கூறுவோர் உளர். அது பாதி உண்மை. மொழிபெயர்ப்பினால் அது பெருகியது உண்மை. 'விழா நடாத்தப்பட்டது, பரிசில்கள் வழங்கப்பட்டன, நன்றியுரை ஆற்றப்பட்டது' என்று பாடசாலை அறிக்கை எழுதாத ஆசிரியர் எம்மில் எவர்? கால்டுவெலும் இது திராவிட மொழிகளின் இயல்புக்கு அந்நியமானதென்றே கருதினார். ஆயின் வினைமுதலை விட்டுப் பேசுவது தமிழருக்குத் தொன்மையான வழக்கே. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்களோ திண்ணை மெழுகுதலும் கலம் கழுவுதலும்! திண்ணை தானே மெழுகிக்கொண்டதாம். கலம் தானே கழுவிக்கொண்டதாம். சாணமும் தண்ணீருமாகக் குனிந்து நின்ற பெண் எங்கே? இலக்கண ஆசிரியர்கள் வஞ்சகமாக அவளை மறைத்தார்கள் என்று நாம் கூறவில்லை. அவள் அவர்கள் கண்ணிற் படவேயில்லை. படாததனாலேதான் உதாரணம் அத்தனை இயல்பாக வந்து விழுந்தது. வினைமுதல் விடுபடுவதற்கு மறைக்கும் எண்ணம் ஒன்றே காரணமன்று, காணாமையும் காரணமாகும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று ஆங்கிலத்திலும் எமக்குக் கிடைக்கவில்லை.

இனி, எமது முகாமுக்கு வருவோம். இடதுசாரி இயக்கங்களின் பிரசுரங்களில் 'போராட்டம் முன்னெடுக்கப்படல் வேண்டும்', 'மக்கள் அணிதிரட்டப்படல் வேண்டும்', 'முரண்பாடுகள் கூர்மைப்படுத்தப்படல் வேண்டும்' என்று வாக்கியங்கள் வரிசையாக நிற்கின்றன. முன்னெடுப்பவர் யார்? மக்கள் தாமே திரள்வார்களா, அல்லது எவராலோ திரட்டப்படுவார்களா? இது இலக்கண வினா அன்று, அரசியல் வினா. மக்கள் வரலாற்றைப் படைக்கிறார்கள் என்று செய்வினையிற் சொல்லிக்கொடுத்த ஆசான்களின் வழிவந்தோர், அம்மக்களையே செயப்படுபொருளாக்கி எழுதுகிறார்களெனின், எழுதும் கை தன் உள்ளக்கிடக்கையைக் காட்டிவிடுகிறதென்றே கொள்ளவேண்டும். ஓர்வெலின் மீதுள்ள கோபத்தில் இந்த ஒன்றையாவது நாம் மறக்கலாகாது.

இறுதியாக, இலக்கணம் 'முடியாது' என்று கூறிய ஒரு செயப்பாட்டுவினையைப் பற்றிச் சொல்லவேண்டும். செயப்படுபொருள் குன்றிய வினைகளைச் செயப்பாட்டுவினையாக்க இயலாதென்பது வகுப்பறை விதி. காணாமற்போதல் அத்தகைய வினை. ஆங்கிலத்திலும் ஒருவர் காணாமற்போகலாமேயன்றி, ஒருவரை எவரும் காணாமற்போக்க முடியாது. ஜோசப் ஹெலர் 1961இல் வெளியிட்ட போர் நாவலான கட்ச்-22இல், படைவீரன் ஒருவனை மேலிடத்தார் காணாமற்போக்கப் போகிறார்களென்று செய்தி வருகிறது. கதாநாயகன் திகைத்து, அது நல்ல இலக்கணங்கூட அல்லவே என்கிறான். அன்று வாசகர் சிரித்தனர். 1976 முதல் 1983 வரை ஆர்ஜன்ரீனாவை ஆண்ட இராணுவ ஆட்சி பல்லாயிரவரை இல்லாமற் செய்தபின், அந்த 'இலக்கணப் பிழை' ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. ஆள் காணாமற்போக்கப்பட்டார் என்று இன்று அகராதிகளும் ஏற்கின்றன. செய்தவன் ஒருவன் உண்டென்பதைச் சொல்வதற்கு மொழிக்கு வேறு வழியிருக்கவில்லை. தவறுகள் இழைக்கப்பட்டன என்ற வாக்கியத்தில் ஆளை மறைத்த அதே அமைப்பு, இங்கு ஆள் இருந்தான் என்று சாட்சி கூறுகிறது.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்துக்கு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று தமிழிற் பெயர் வைத்தார்கள். போன ஆட்கள், தாமாகவே போனவர்கள். 2017 பெப்ருவரியிற் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் அச்சொல்லை ஏற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே எழுதினார்கள், என்றே பேசினார்கள். அவர்களிற் பலர் செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சியைச் செய்து புள்ளி பெற்றவர்கள் அல்லர். தம் வீட்டு முற்றத்தில் நடந்ததைச் சொல்லும்போது அவர்கள் அந்தச் செயப்பாட்டுவினையையும் வழங்குவதில்லை. 'பிள்ளையைக் கொண்டு போட்டாங்கள்' என்பார்கள். பெயர் இல்லை, ஆனால் 'ஆங்கள்' என்னும் விகுதியிலே ஆட்கள் இருக்கிறார்கள், பலராக இருக்கிறார்கள், மரியாதைக்குரியவராக இல்லை.